இப்போதைக்கு ஒன்வே

எய்யா,

நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கத்தாரில் உன் ராஸ் லஃபான் கேம்ப் மெஸ்ஸில் பிரியாணித் தட்டும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். அந்தச் சிரிப்பை நம்புவதா வேண்டாமா என்றுதான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் பொய் சொல்லும்போது உனக்கு ஒரு பக்க உதடு மட்டும்தான் சிரிக்கும். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்போதும் ஒரு பக்கம்தான்.

"ரெனி பாஸ்போர்ட் கெடச்சுதாம்மா? நல்லாத் தேடச் சொல்லுங்க" என்று மூன்று நாளில் பதினோரு முறை கேட்டுவிட்டாய். நானும் பதினோரு முறை கட்டைவிரல் படம் அனுப்பினேன். உனக்கான பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. வாய்ஸ் மெசேஜாகச் சொன்னால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு, "கேட்டேம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பஹ்ரைனில் நம் ஊர்க்காரர்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "இருபத்தாறு வருசம் நர்ஸா இருந்திருக்கீங்க, அந்த அனுபவத்தை எழுதுங்கக்கா" என்றார்கள். அதற்குப் பதிலாக இதையே கொடுக்கப் போகிறேன். என் பெயரும் உன் பெயரும் வராது. உன் அக்கா பிரின்சியிடமும் உன் மனைவி ரெனியிடமும் கேட்டேன். எங்கள் பெயர் இருக்கட்டும் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

உன் அம்மா ஒரு சந்தேகப் பிராணி என்று வீட்டில் எல்லோரும் சொல்வீர்கள். மறுக்கவில்லை. மாத்திரை போட்டாயிற்று என்று வாயைத் திறந்து காட்டுகிற நோயாளியின் தலையணைக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கிறவள் நான். பல நாள் கிடைக்கும். பால்காரர், டாக்சிக்காரர், டாக்டர், பாதிரியார் என்று ஒருவரையும் நான் முழுதாக நம்பியதில்லை. ஆனால் ஓர் ஆளை மட்டும் முப்பது வருடத்தில் ஒரு நாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை. அது நீ. இந்தக் கடிதமே அந்தத் தவறைப் பற்றித்தான்.

போன மாதம் நீ கத்தார் வேலைக்குக் கிளம்பும்போது, "ரெனி முவைலா ஃபிளாட்ல தனியா இருப்பா, கொஞ்ச நாள் வந்து தொணைக்கு இருங்கம்மா" என்று விசிட் விசா எடுத்து என்னை ஷார்ஜாவுக்கு வரவழைத்தாய். நானும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வந்த இரண்டாம் நாளே துணைக்கா காவலுக்கா என்று எனக்குப் புரிந்துவிட்டது. "இன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தா? யார்கூட வந்தா? வந்ததும் போன்ல யார்கிட்டப் பேசுனா?" என்று கேட்டாய். ரெனிக்கு இருபத்திரண்டு வயது. ஷார்ஜாவில் இருந்த அவள் அப்பாவும் அம்மாவும் கல்யாணத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம். இந்த ஒரு செமஸ்டரும் ஒரு ப்ராஜெக்டும் முடிந்தால் பட்டம். வீட்டிலிருந்து காலேஜ் பதினைந்து நிமிடம். அவளுக்கு எதற்குக் காவல் என்று நான் உன்னைத் திருப்பிக் கேட்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. டூட்டி இல்லாமல் ஆறு மாதம் சும்மா இருந்தவளுக்கு மறுபடியும் ஒரு டூட்டி கிடைத்த மாதிரி இருந்தது.

மூன்று ரிப்போர்ட் அனுப்பினேன். முதல் ரிப்போர்ட், நேரத்துக்கு வந்தாள் என்று. இரண்டாவது, ஒரு மணி நேரம் பிந்தி வந்தாள், லேப் என்கிறாள் என்று. மூன்றாவது ரிப்போர்ட்தான் விஷயத்தைக் கெடுத்தது. பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே சூப்பர் மார்க்கெட் முன்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பையன். பக்கத்து சீட்டிலிருந்து ரெனி இறங்கினாள். பின் சீட்டிலிருந்து இன்னொரு பெண் கையசைத்தாள். நான் உனக்கு என்ன எழுதினேன் என்பதைப் போனில் இப்போதும் பார்க்கலாம்: "இன்று ஒரு பையன் காரில் கொண்டுவந்து விட்டான்." பின் சீட்டுப் பெண்ணை எழுதவில்லை. ரெனி இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்த பெரிய அட்டைப் பெட்டியையும் எழுதவில்லை. அதற்குள் அவள் ப்ராஜெக்டுக்காகச் செய்த பாலத்தின் மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. நான் பையனைப் பார்த்தேன், பாலத்தைப் பார்க்கவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எத்தனையோ காமாலைக்காரர்களைப் பார்த்தவள், என் கண்ணை நான் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத் தூத்துக்குடியிலிருந்து பிரின்சி போன் செய்தாள். உனக்கு எப்போதுமே டிக்கெட் போட்டுக் கொடுப்பது அவள்தானே. டிராவல்ஸில் உட்கார்ந்து ஊரெல்லாம் வளைகுடா போக டிக்கெட் போடுகிறவள். சாதாரணமாகப் போன் எடுத்ததும், "எம்மா, சாப்ட்டியா" என்று கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை.

"எம்மா, தம்பி ரெனிக்கு தோஹாவுக்கு டிக்கெட் போடச் சொல்லுதான். மாசக் கடைசிக்கு."

"போடேன். புருசங்கூடப் போய் இருக்கட்டும்."

"அவளுக்கு அடுத்த மாசம் பரீச்சை இருக்குல்லா? அதுக்கு வரணும்லா, ரிட்டர்ன் என்னைக்குப் போடன்னு கேட்டேன். 'இப்போதைக்கு ஒன்வே போதும்'ங்கான். அந்த வார்த்தையக் கேட்டதும் எனக்குக் கை ஓடலம்மா. அதான் ஒங்கிட்டச் சொல்லுதேன்" என்றாள்.

எனக்கும் ஓடவில்லை, எய்யா. ஏனென்று உனக்குத் தெரியாது. பதினேழு வருடத்துக்கு முந்தி, உனக்குப் பதின்மூன்று வயது. பஹ்ரைனில் நம் ஈசா டவுன் வீட்டில் வீடியோ கேமில் தலையை விட்டுக்கொண்டிருந்தாய். அந்த வருடம் உன் அக்கா பிளஸ் டூ. கணக்கில் அவளை அடிக்க வகுப்பில் ஆள் கிடையாது. இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஜனவரியில் வியாழக்கிழமை தோறும் பிந்தி வர ஆரம்பித்தாள். கேட்டால், "லைப்ரரி" என்பாள். என் சந்தேகத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? பையைக் குடைந்தேன். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொரு கையெழுத்தில், ஆண்பிள்ளைக் கையெழுத்தில், "வியாழன் 3.30, மேல்மாடி" என்று இருந்தது. அடுத்த வியாழக்கிழமை டூட்டியை ஒருத்தியோடு மாற்றிக்கொண்டு, டாக்சி பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே போய் நின்றேன். மூன்றரைக்கு உன் அக்கா பெண்கள் கட்டடத்திலிருந்து வெளியே வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். நேராக ஆண்கள் கட்டடத்துக்குள் போனாள்.

பின்னாலேயே ஓடினேன். மாடிப்படியில் வைத்துக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வழியெல்லாம் அவள், "எம்மா, கொஞ்சம் கேளும்மா, எம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லி முடித்திருப்பாள். மேல்மாடியில் நடந்தது நுழைவுத்தேர்வுக் கோச்சிங். சேர்ந்தவர்களில் பெண்கள் நான்கு பேர்தான், அவர்களுக்கென்று தனி வகுப்பு வைக்க முடியாது என்று ஆண்கள் கட்டடத்திலேயே வைத்திருந்தார்கள். நோட்டில் எழுதியவர் கணக்கு சார். நான் விடமாட்டேன் என்று தெரிந்துதான் லைப்ரரி என்று சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் எனக்கு ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது, மற்ற மூன்று பெண்களில் ஒருத்தியின் தாய் சர்ச்சில் மாஸ் முடிந்து வரும்போது சொன்னாள். தெரிந்த பிறகாவது அனுப்பியிருக்கலாம் அல்லவா? அனுப்பவில்லை. பொய் சொன்னாள்தானே என்று ஒரு காரணம் பிடித்துக்கொண்டேன். உன் அப்பாவிடம் சொன்னேன். "நீ சொன்னாச் சரிதான்" என்றுவிட்டு அவர்கள் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்கள். நர்ஸ் உடுப்பு போட்டுக்கொண்டு, ஆண் டாக்டர்களோடும் ஆண் நோயாளிகளோடும் நின்று சம்பாதித்த காசில் வீடு நடத்துகிறவள், என் மகள் பையன்களோடு ஒரே அறையில் கணக்குப் போடக் கூடாது என்று நினைத்தேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பரீட்சை முடிந்ததும் அவளை ஊருக்கு அனுப்பினோம். வீட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் கல்லூரி, பி.ஏ. டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "எம்மா, ரிட்டர்ன் எங்க?" என்று கேட்டாள். லீவுக்குப் போகிற எல்லோருக்கும் ரிட்டர்ன் டிக்கெட் எடுக்கிற வீட்டில் வளர்ந்தவள், அவளுக்கு அது உடனே கண்ணில் பட்டுவிட்டது. நான் சொன்ன பதில், "இப்போதைக்கு ஒன்வேதான். இப்போதைக்கு பி.ஏ. சேரு. ஒரு வருசம் போகட்டும், இன்ஜினியரிங் பாப்போம்." அவள் ஏறிப்போன மறுவாரமே அவள் விசாவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. முடியாது என்று சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், அப்பாவிடம் போயிருப்பாள், ஒருவேளை ஜெயித்துமிருப்பாள். இப்போதைக்கு என்று சொன்னதால் காத்திருந்தாள். மூன்று வருடம் காத்திருந்தாள். எங்கேயோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று நினைக்க வைக்கிற வார்த்தை அது. இங்கே பிழைக்க வந்த நம் ஆட்கள் எல்லோர் வாயிலும் இருக்கும். இப்போதைக்கு இந்த ரூம், இப்போதைக்கு இந்த வேலை, இப்போதைக்கு குடும்பம் ஊரில் இருக்கட்டும். ஆண்களின் இப்போதைக்கு என்றாவது ஒருநாள் முடியும். பெண்பிள்ளை படிப்பில் விழுந்த இப்போதைக்கு முடிந்து நான் பார்த்ததில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன், ஓடாதே. நாலு வருடம் கழித்து அதே கோச்சிங், அதே மேல்மாடி. உனக்கு நானே டாக்சி பிடித்துக் கொடுத்து அனுப்பினேன். இரண்டாவது மாதம் கணக்கு சார் போன் செய்தார். "உங்க பையன் நாலு வாரமா கிளாசுக்கு வரலை, வீட்ல தெரியுமா?" என்றார். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். "லைப்ரரில இருந்தேம்மா" என்றாய். ஒரு பக்க உதட்டால் சிரித்தாய். காலில் போட்டிருந்தது ஃபுட்பால் ஷூ. நான் என்ன செய்தேன் தெரியுமா? சாருக்குத் திருப்பிப் போன் செய்து, "எம்பிள்ள அப்பிடிப்பட்டவன் இல்ல சார், நீங்க அட்டெண்டன்ஸ சரியாப் பாருங்க" என்று சண்டை போட்டேன். அதே மனிதர்தான் உன் அக்காவின் நோட்டில் நேரம் எழுதிக் கொடுத்தவர். அவர் போனை வைத்துவிட்டார். அக்கா சொன்ன அதே லைப்ரரிதான். அவள் சொன்னபோது டாக்சி பிடித்துப் பின்னால் போனேன். நீ சொன்னபோது பால் காய்ச்சிக் கொடுத்தேன். நீ கெட்டுப்போகவில்லை, தட்டுத்தடுமாறிப் படித்து இன்ஜினியராகிவிட்டாய், சந்தோஷம்தான். ஆனால் நீ தடுமாற உனக்கு இடம் இருந்தது. அவள் ஒரு தப்பும் செய்யாமலே அவளுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

ஆகவே பிரின்சி போனை வைத்ததும் என் சந்தேகத்தை எடுத்து முதல் தடவையாக உன் மேல் வைத்தேன். பழக்கமில்லாத இடம் என்பதால் கொஞ்சம் கூசியது, பிறகு நன்றாகப் பொருந்திவிட்டது. முதலில் பெண் பார்க்கப் போன அன்றைய பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. ரெனியின் அப்பா, "படிப்பு மட்டும் நிக்கக் கூடாது தம்பி" என்று சொல்லி வாயை மூடும் முன்பே, "கண்டிப்பா மாமா" என்றாய். யோசித்துப் பதில் சொல்கிறவன் ஒரு நொடியாவது எடுத்துக்கொள்வான். அப்புறம் அந்த டிக்கெட் தேதி. பரீட்சைக்கு மூன்று வாரம் முந்தி. அந்த மூன்று வாரம் உனக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரம்? என் மூன்றாவது ரிப்போர்ட்டைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இந்த நேரத்தில்தான் பாஸ்போர்ட் காணாமல் போனது. டிக்கெட் உறுதி செய்யப் பாஸ்போர்ட் படம் வேண்டும் என்று நீ கேட்டாய். ரெனி அலமாரியைக் கவிழ்த்தாள், மெத்தையைத் தூக்கினாள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால்கூட டார்ச் அடித்தாள். நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைத்தவள் தேடுகிற தேடல் இல்லை அது. ஒரு மூலைக்கு மட்டும் அவள் போகவே இல்லை. மறுநாள் அவள் காலேஜ் போனதும் அந்த மூலைக்குப் போனேன். ஜன்னலோரம் அந்தப் பாலம் இருந்தது. அட்டையும் ஐஸ் குச்சியும் மெல்லிய கம்பியுமாக, தூணுக்குத் தூண் அளவெடுத்து, மூன்று மாதம் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அதை நான் கண் திறந்து பார்த்தேன். அடித்தட்டை மெதுவாகத் தூக்கினேன். பாஸ்போர்ட் அதற்கு அடியில் படுத்திருந்தது. எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஈசா டவுன் மாடிப்படியில் நான் பிடித்து இழுத்த கைதான் ஞாபகத்துக்கு வந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அவள் வரும்வரை காத்திருந்தேன். இந்தத் தடவை கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

"ஏட்டி, பாலத்துக்கு அடியில என்ன வச்சிருக்க?"

பையைக் கீழே வைத்தாள். பொய் சொல்லவில்லை. "எக்ஸாம் முடிஞ்சா அதுவே கிடைச்சிடும் அத்தை" என்றாள். பிறகு அழுதாள். "அவங்க விசா இந்த மாசம் கேன்சல் ஆகுதாம். என் விசாவும் அவங்க பேர்லதான் இருக்கு, சோ நானும் போயே ஆகணுமாம். காலேஜ்ல ஏதாவது வழி இருக்கான்னு கேட்டாங்களாம், மாஃபி, கிடையாதுன்னு சொல்லிட்டாங்களாம். கத்தார்ல போய் கன்டினியூ பண்ணிக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. பாஸ்போர்ட் இல்லைன்னா டிக்கெட் போட மாட்டாங்கன்னு..."

"காலேஜ்ல நீ போய்க் கேட்டியா?"

"அவங்கதான் கேட்டுட்டாங்களே அத்தை."

படித்த பெண், பாலம் கட்டத் தெரிந்த பெண், உன்னைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமாகி எட்டு மாதம்தானே ஆகிறது. மறுநாள் காலை நான் அவளைக் கூட்டிக்கொண்டு காலேஜ் விசா கவுண்டருக்குப் போனேன். அங்கே ஒரு மலையாளப் பெண் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னோம். "அதுக்கெந்தா, ஸ்டூடண்ட் விசா காலேஜே போடும் அம்மா. ஹாஸ்டலும் உண்டு. கடைசி செமஸ்டரை வேற நாட்டுக்கு மாத்தத்தான் முடியாது" என்றாள். அதோடு விட்டிருந்தால் ஏதோ உனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ரெனியின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "இந்தக் குட்டியோட ஹஸ்பண்ட் போன மாசமே வந்து எல்லாம் கேட்டாரே. ஃபாரமும் வாங்கிட்டுப் போனார்" என்றாள். ரெனி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், எய்யா. அந்தச் சோற்றை ஊட்டி வளர்த்தது நான்தான் என்று அந்தக் கவுண்டர் முன்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் என் மூன்று ரிப்போர்ட்டையும் காட்டினேன். மறைக்கவில்லை. படித்துவிட்டு, "பின் சீட்ல ஃபாத்திமா இருந்தாளே அத்தை" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. சரிதான். சாயங்காலம் பிரின்சிக்குப் போன் செய்து, அன்றைக்கு அவள் விசாவை ரத்து செய்யச் சொன்னது நானேதான், நான் செய்தது தப்பு என்று சொன்னேன். பதினேழு வருடம் கழித்து. அவள், "தெரியும்மா, அப்பா ஒருநாள் வாய் தவறிச் சொல்லிட்டாவ" என்றாள். "கவுண்டர்ல ஆள் நிக்கி, அப்பொறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாள். இன்னும் பேசவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை.

உன்னைக் கெட்டவன் என்று நினைக்கவில்லை. அப்படி நினைத்தால் என் வேலை சுலபமாகிவிடும். நீ ரெனியின் மேல் பிரியமாக இருக்கிறாய், அவள் தலைவலி என்றால் ராஸ் லஃபானிலிருந்து மருந்துக்கடைக்குப் போன் செய்கிறாய், எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் பிரியமாக இருப்பவர்கள்தான் இந்தக் காரியத்தை நன்றாகச் செய்கிறார்கள். நானும் பிரின்சியின் மேல் உயிரையே வைத்திருந்தேன். உனக்குப் பயமாக இருக்கிறது, இல்லையா? அவள் படித்து முடித்தால், நான்கு பேரோடு வேலை செய்தால், உன்னைவிடப் பெரிய சைட்டில் தலைக்கவசம் போட்டு நின்றால், உன்னிடம் வருவாளா என்று பயம். அந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. அது என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. சந்தேகப்படாதே என்று உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவள் எத்தனை மணிக்கு வந்தாள் என்று சந்தேகம் வரும்போதெல்லாம், அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று ஒரு தடவை உன்னையே சந்தேகப்பட்டுப் பார். நாளைக்கு உனக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்து, இருவரும் லைப்ரரி என்று சொன்னால், டாக்சியை யாருக்குப் பின்னால் அனுப்பப் போகிறாய் என்று இப்போதே யோசித்து வை.

இனி நடக்க வேண்டியது. ரெனி ஸ்டூடண்ட் விசாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். உன் பெயரிலிருந்து காலேஜ் பெயருக்கு மாற்ற உன் கையெழுத்து வேண்டுமாம். ஃபாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ போன மாதம் வாங்கிப்போனதும் இதே ஃபாரம்தான், அதனால் புரியாது என்று சொல்லாதே. பரீட்சை வரை அவள் இங்கேதான் இருப்பாள். ஹாஸ்டலில் இடம் கிடைக்கும்வரை நானும் இருப்பேன், காவலுக்கு இல்லை, சமைத்துப் போட. நீ சொன்ன ஒன்வே டிக்கெட்டைப் பிரின்சி போடவில்லை. அதற்குப் பதிலாக, அந்தப் பாலத்தை ரெனி எல்லோர் முன்னாலும் வைத்து விளக்குகிற நாளுக்கு, தோஹாவிலிருந்து ஷார்ஜாவுக்கு உனக்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கிறாள். ரிட்டர்ன். வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீ சொன்னால் என்ன செய்வது என்று நாங்கள் மூன்று பேரும் யோசித்து வைத்திருக்கிறோம். அதை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. உன்னை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

பாஸ்போர்ட் கிடைத்துவிட்டதா என்று கேட்டாய் அல்லவா? கிடைத்துவிட்டது, பத்திரமாக இருக்கிறது. உனக்குத் தர முடியாது. இப்போதைக்கு.

அம்மா